பிள்ளையைக் குற்றம் சொல்லுமுன்



ரோபோ போட்டி முடிந்து வீடு திரும்பும்போது காரில் எழும் கேள்வி நம் எல்லோருக்கும் தெரிந்ததே: "ஏன் பிழையான பட்டனை அமத்தினாய்?" பின்சீற்றில் பதில் வராது. அடுத்த கிழமை, "இனி நான் ஓட்டமாட்டேன்" என்று பிள்ளை சொல்லும். தோற்ற ஆட்டத்தைவிட இதுவே பெரிய இழப்பு.

தாதியராக வேலை செய்யும் நாங்கள், பெயரோ தோற்றமோ ஒத்த மருந்துகளை அருகருகே வைப்பதில்லை. களைத்த கை பிழை விடும் என்று முன்கூட்டியே எண்ணி, வைக்கும் இடத்தை ஒழுங்கு செய்கிறோம். ரோபோ ஓட்டும் பிள்ளைக்கும் அதே நியாயம் வேண்டும்.

வெக்ஸ் வி5 ஆட்டத்தில் ரோபோ முதல் 15 விநாடி தானாக இயங்கும். பிறகு 1 நிமிடம் 45 விநாடி பிள்ளையின் கையில். கொன்ட்ரோலரில் 2 ஜாய்ஸ்டிக்குகள், 12 பட்டன்கள். எந்தப் பட்டன் எதைச் செய்யும் என்பதை அணிதான் புரோகிராமில் எழுதுகிறது. எழுதுபவர் தமக்கு வசதியானபடி எழுத, ஓட்டுபவர் அதற்குப் பழகவேண்டியதாகிறது. ஓட்டும் கையைப் பார்த்தே எழுதவேண்டும் என்பது எங்கள் கருத்து.

'டாங்க்' முறையில் இடது ஜாய்ஸ்டிக் இடப்பக்கச் சக்கரங்களையும், வலது வலப்பக்கச் சக்கரங்களையும் ஓட்டும். 'ஆர்கேட்' முறையில் ஒன்றை முன்னும் பின்னும் போகவும், மற்றதைத் திரும்பவும் வைக்கலாம். எது சிறந்தது என்று வாதாடாமல் அளந்து பாருங்கள். ஒரே பாதை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரி, ஒவ்வொரு முறைக்கும் 5 ஓட்டம். நேரத்தோடு பிழைகளையும் எழுதுங்கள். இரண்டாவதாக ஓட்டும் முறைக்குப் பழக்கம் கைகொடுக்கும். ஆகவே மறுநாள் வரிசையை மாற்றுங்கள். பக்கத்தில் நின்று சத்தம் போட்டும் பாருங்கள். போட்டி மண்டபம் அமைதியாக இராது.

ஜாய்ஸ்டிக்கை விட்ட பின்னும் ரோபோ ஊர்கிறதா? அது பிள்ளையின் பிழையல்ல. ஜாய்ஸ்டிக் சரியாகப் பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் அப்படி நடக்கும். அந்தச் சிறு அளவுகளைக் கணக்கில் எடுக்காதபடி புரோகிராமைத் திருத்தலாம். எல்லாம் முடிவான பிறகு, போட்டிக்கு முந்தின இரவு எதையும் மாற்றாதீர்கள்.

இத்தனை செய்தும் தோற்கலாம். அன்று காரில் வேறு கேள்வி கேட்போம்: "எந்தப் பட்டன் உனக்குக் கஷ்டமாக இருந்தது?" அதற்குப் பிள்ளை பதில் சொல்லும்.