கல்வி நிதி சலுகையல்ல, சட்டக் கடமை

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய சுமார் ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது, விவாதம் பெரும்பாலும் மும்மொழிக் கொள்கையையே சுற்றிவந்தது. மொழி முக்கியமானதுதான். ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பணம் எத்தகையது என்ற கேள்வியே எனக்கு அதனினும் அடிப்படையானதாகப் படுகிறது.

வருமான வரி செலுத்தும் ஒவ்வொருவரும் வரித்தொகையின் மீது 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி செலுத்துகிறோம். 2004இல் தொடக்கக் கல்விக்கென்று 2 சதவீதமாகத் தொடங்கியது இது. மேல்வரி என்பதால் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வரித்தொகுப்பில் இது சேராது. முழுவதும் மத்திய அரசிடமே தங்கிவிடுகிறது. கல்வியின் பெயரால் வசூலித்த பணம் பள்ளிகளுக்குத் திரும்பும் முக்கிய வழிகளுள் ஒன்று இத்திட்டம். மேலும், கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிதி வழங்குவதை மத்திய, மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பாக வகுத்திருக்கிறது. 14,500 பள்ளிகளை மேம்படுத்துவதற்காக 2022இல் வந்த பிஎம் ஸ்ரீ என்னும் வேறொரு திட்டத்தில் ஒரு மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காகச் சட்டக் கடமையை நிறுத்திவைப்பதை எந்த நிதிக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த இயலாது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைக்கத் தேவையில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது. அதற்குள் இழப்பு நேர்ந்துவிட்டது. தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 சதவீத இடங்களுக்குரிய சேர்க்கை அவ்வாண்டு பள்ளி திறந்து பல மாதங்கள் கழித்தே நடந்தது.

மாநில அரசும் குறையற்றதல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திட விருப்பம் தெரிவித்து 2024 மார்ச்சில் கடிதம் அனுப்பிவிட்டுப் பின்னர் மறுத்தது, அதன் வாதத்தைப் பலவீனப்படுத்தியது. அதைவிடப் பெரிய குறை எந்தக் கட்சி ஆண்டாலும் தொடர்வது: அன்றாடச் செலவைத் திட்டப் பணத்தில் ஓட்டுவது. ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்காக 2012இல் 16 ஆயிரத்துக்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்கள் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ் மாதம் ரூ.5,000 ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஊதியம் சிறிது உயர்ந்ததே தவிர, பணி நிரந்தரமாகவில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பாடம் நிரந்தரம், பிள்ளைகள் நிரந்தரம். ஆசிரியர் மட்டும் தற்காலிகம்!

அத்திட்டம் தொடங்கியபோது மத்திய அரசின் பங்கு 85 சதவீதம். இன்று அது 60. இறங்கிக்கொண்டே வந்த ஒரு பங்கை நம்பி ஊதியப் பட்டியல் தயாரித்தது விவேகமல்ல. நிறுத்திவைத்த தொகையை வட்டியுடன் கேட்டு, அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் கூறின் கீழ் 2025 மே மாதம் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது சரியான நடவடிக்கை. ஆனால், தீர்ப்பு எதுவாயினும், இந்த ஆசிரியர்களின் ஊதியத்தை மாநிலத்தின் சொந்த நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பின் கீழ்க் கொண்டுவருவதற்குத் தில்லியின் ஒப்புதல் தேவையில்லை.