இளங்கால்களோடு மாநகருக்கு



கோடை விடுமுறை வந்துவிட்டது. நம்முடைய நசரத்பேட்டை நெடுஞ்சாலையோரத்து ஊர். கிழக்கே திரும்பினால் சென்னை. மேற்கே திரும்பினால் வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர். சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் பேசிய இளம் பெற்றோர் பலரும் மேற்குத் திசையையே சொன்னார்கள். வெள்ளி இரவு புறப்பாடு, ஞாயிறு இரவு திரும்புதல், மடியில் ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தை. அந்த ஞாயிற்றின் ஆராதனையைக் குறித்து நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. லால்பாக், கப்பன் பூங்கா, பன்னேர்கட்டா, ஒரு பெரிய வணிக வளாகம், நேரம் கிடைத்தால் நந்தி மலை என்று பட்டியலும் ஆயத்தமாக இருந்தது.

அந்தப் பட்டியலில் குழந்தை எங்கே தூங்கும் என்பது எழுதப்பட்டிருக்கவில்லை. இவ்வாரத் தியானத்தை அதைக் குறித்தே எழுதத் துணிந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும் வரையில், இரண்டே நாள் விடுமுறை கிடைக்குமானால், கிழக்கே திரும்புங்கள். ஒரு வழிக்கே 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தை இரண்டு நாட்களுக்குள் போகவும் வரவும் செய்து, நடுவே ஐந்து இடங்களையும் பார்ப்பது நமக்கு விடுமுறையாக இருக்கலாம். தளர்நடை பயிலும் பிள்ளைக்கு அது சுமை.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு இருபது ஆண்டுகளுக்குப் பின் தன் தமையனைச் சந்திக்கிறான். ஏசாவோடு நானூறு பேர் வந்திருக்கிறார்கள். சேர்ந்தே போவோம் என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபோ பிள்ளைகள் இளம்பருவத்தினர், மந்தையில் பால் கொடுக்கிறவைகளும் உண்டு, ஒரே நாளில் விரட்டி ஓட்டினால் மந்தை மாண்டுபோகும், நீர் முன்னே போம், நான் அவர்களால் இயன்ற நடையில் பின்னே வருகிறேன் என்ற பொருளில் பதில் சொல்லுகிறான். அந்தப் பதிலில் ஏசாவைக் குறித்த அச்சமும் கலந்திருந்தது என்பார் உண்டு. இருக்கலாம், யாக்கோபு அதன்பின் சேயீருக்குப் போகவே இல்லை, சுக்கோத்தில் தங்கி வீடு கட்டிக்கொண்டான். ஆயினும், எவராலும் மறுத்துப் பேசமுடியாத ஒரு காரணத்தைத் தேடியபோது அவனுக்குக் கிடைத்தது பிள்ளைகளின் நடை. நானூறு பேருக்குத் தலைவனான ஏசாவும் அதற்கு எதிர்ச்சொல் சொல்லவில்லை. நம்முடைய பயணத் திட்டங்களில்தான் அந்தக் காரணம் செல்லுபடியாவதில்லை.

“போதகரே, விடுமுறை குழந்தைக்கு மட்டுமா? நாங்களும் மனிதர்தாமே” என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் ஓய்வு கிடைப்பதே அரிது. அவர்கள் ஒரு மாநகரைக் காண விரும்புவதில் தவறில்லை. ஆனால் தூக்கம் கெட்ட குழந்தை இருக்கும் அறையில் எந்தப் பெற்றோருக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது? 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. அந்தப் பருவத்துக் குழந்தையைத் தள்ளுவண்டியிலோ இருக்கையிலோ முதுகிலோ ஒரேயடியாக ஒரு மணி நேரத்திற்கு மேல் கட்டுண்டு இருக்கச் செய்யலாகாது என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. ஆறேழு மணி நேரப் பயணத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அழுகையை அடக்க நாம் கைப்பேசியை நீட்டுகிறோம். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதுவும் ஆகாதென்கிறது அந்த ஏடு.

நம்முடைய தமிழ் முன்னோர் இந்தப் பருவத்தை எவ்வளவு நுட்பமாகக் கவனித்தார்கள் என்பதை நினைத்து நான் வியப்பதுண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் வருகைப் பருவம் 13-ஆம் மாதத்திற்குரியது என்பது மரபு. அம்புலி 15, சிற்றில் 17, சிறுபறை 19, சிறுதேர் 21. இறுதி மூன்றும் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு உரியவை. இந்த மாதங்களில் குழந்தைக்கு என்ன வேண்டியிருக்கிறது? நாலடி எடுத்து வைக்க இடம், அண்ணாந்து பார்க்க ஒரு நிலா, அளைய மணல், தட்ட ஒரு பறை, உருட்ட ஒரு தேர். ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு பொருள், அதிலேயே நெடுநேரம். ஐந்து இடங்களின் பட்டியல் எந்தப் பருவத்திலும் காணப்படவில்லை.

சென்னையில் மணலும் உண்டு, தேரும் உண்டு. பிழைப்புக்காகவும் மருத்துவமனைக்காகவும் தியாகராய நகர்த் துணிக்கடைகளுக்காகவும் மட்டுமே நாம் அந்த நகருக்குப் போய்ப் பழகிவிட்டோம். விடுமுறைக்கென்று ஓர் இரவு அங்கே தங்கியவர்கள் நம் சபையில் எத்தனை பேர்? உள்ளூர்க்காரர் எவராவது எழும்பூரில் அறை எடுப்பார்களா என்று நீங்கள் சிரிக்கக்கூடும். எடுக்கலாம் என்கிறேன். பெங்களூருக்குக் கொடுக்கும் வண்டிச்செலவு ஒரு நல்ல அறைக்கு ஆகும். நடுப்பகலில் குழந்தையைத் தூங்கவைக்க ஓர் அறை அருகிலேயே இருப்பதுதான் இந்தப் பயணம் முழுவதற்கும் ஆதாரம். நசரத்பேட்டையிலிருந்து காலையில் போய் இரவில் திரும்புகிறவர்களுக்கு அந்த நடுப்பகல் கிடைப்பதில்லை.

போகிற வழியும் கடினமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்தேறிக் கோயம்பேடு. அங்கிருந்து மெட்ரோ வண்டி நேராக எழும்பூருக்கு. நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் தள்ளுவண்டியை மடக்கித் தோளில் சுமக்க வேண்டியதில்லை. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் மூன்று வயது வரைதான்.

இருசக்கர வண்டியில் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் பெட்ரோல் கலத்தின்மேல் குழந்தையை நிறுத்திக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் தகப்பன்மாரை ஒவ்வொரு ஞாயிறும் நம் ஆலய வாசலிலேயே காண்கிறேன். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று 2022-இல் மத்திய அரசு விதி வகுத்தது. காரிலும் மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வார்ப்பட்டையோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்கிறது. ஆண்டவர் காப்பார் என்று சொல்லிவிட்டுப் பட்டையை மாட்டாமல் இருப்பதை விசுவாசம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எங்கே போவது? ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையில். வில்லிவாக்கம் அருகே, புது ஆவடி சாலையில், 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம் இந்த வயதுக்கு மிகவும் ஏற்றது. பழைய இன்ஜின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன; சிறு ரயிலும் உண்டு. சிறுதேர்ப் பருவத்துக் குழந்தை ஒரே இன்ஜினின் சக்கரத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இழுத்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. 1855-இல் சென்னையின் முதல் விலங்குக்காட்சிச் சாலையும் அந்த வளாகத்தில்தான் உருவானது. அது பின்பு இடம்பெயர்ந்து 1985-இல் வண்டலூர் சேர்ந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்குச் செப்புத் திருமேனிகள் பெரிதாகத் தோன்றா. மரநிழலும் திறந்த முற்றமும் தோன்றும், அதுவே போதும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை. வண்டலூருக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. அங்கே போகிறவர்கள் நம் ஊரிலேயே வெளிவட்டச் சாலையில் ஏறினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், நகருக்குள் நுழையவே வேண்டாம்.

மெரினாவை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் அந்த மணல் பிஞ்சுப் பாதங்களுக்கு ஏற்றதன்று. அலையில் இறங்கவும் வேண்டாம்; அடிநீரோட்டம் கொடியது. கையளவு ஈரமணல் போதும், சிற்றில் தானே எழும்.

அங்கே நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ஒரு பாதை. விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே, மணலின் குறுக்கே, கடலருகே வரை மரப்பலகைகளால் அமைக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களும் கடலை அருகில் காணவேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலம் கேட்டதன் பலனாக 2022 நவம்பர் இறுதியில் அது திறக்கப்பட்டது. இரண்டு வாரம் செல்லுமுன் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது, பின்பு சீர்செய்தார்கள். சக்கர நாற்காலிக்காகப் போராடியவர்கள் தள்ளுவண்டியை நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அவர்களே வழி திறந்துவிட்டார்கள். சகரியா தீர்க்கதரிசி எட்டாம் அதிகாரத்தில் சீர்ப்படுத்தப்பட்ட எருசலேமைக் காணும்போது, மதில்களையும் மாளிகைகளையும் அல்ல, அதன் வீதிகளில் கோலூன்றி அமர்ந்திருக்கும் முதியோரையும், அதே வீதிகளில் விளையாடும் சிறுவர் சிறுமியரையும் காண்கிறார். முதியோரும் குழந்தைகளும் ஒரே வசனத் தொடரில் வருவது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். ஒருவருக்குத் தடையாக இருக்கும் படிக்கட்டு மற்றவருக்கும் தடை.

அந்த அளவுகோலால் பார்த்தால் நம் மாநகரம் இன்னும் வெகுதூரம் போகவேண்டும். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தினார்கள். அதைப்போல் குழந்தை கைவிட்டு நடக்கத்தக்க வீதி வேறு எத்தனை உண்டு? 2015 ஆகஸ்டில் தமிழகம் முழுவதும் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல ஏற்பாடு. அப்படிப்பட்ட அறைகளில் சில பூட்டியே கிடப்பதையும் காண்கிறோம். பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள், சகோதரிகளே, கூச்சப்பட வேண்டாம். கேட்க வேண்டியது தகப்பனாராக இருந்தால் இன்னும் நல்லது.

தகப்பன்மாரைப் பற்றிச் சொல்ல வந்தபோதே இதையும் சொல்லிவிடுகிறேன். பல குடும்பங்களில் பயணம் என்றால் சமையலறை மட்டும் இல்லாத அதே வேலைதான் தாய்க்கு. பால்புட்டி, மாற்றுடை, தயிர்சாதம், மருந்து, நள்ளிரவு அழுகை. படம் எடுப்பது மட்டும் தகப்பனுக்கு. இந்த இரண்டு நாளில் ஒரு பிற்பகலாவது குழந்தையும் பையும் தகப்பனிடம் இருக்கட்டும், அம்மா தூங்கட்டும். பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் பாட்டிக்கும் அது விடுமுறை என்பதை மறவாதிருங்கள்.

கூட்டத்தில் குழந்தை தவறிப்போகும் அச்சம் எல்லாருக்கும் உண்டு. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் யோசேப்பும் மரியாளும் உறவினரோடு இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் பயணம் போய்விட்டார்கள். மூன்று நாளுக்குப் பின்பே எருசலேம் ஆலயத்தில் கண்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவரிடம் பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொள்வது பெருங்குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்றும் நேருகிறது. யார் கையில் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுங்கள். உங்கள் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்காமல் விட்டேன் என்றேன் அல்லவா? எழும்பூரில் தங்குகிறவர்களுக்கு 1821-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித அந்திரேயா ஆலயம் அருகிலேயே இருக்கிறது. அதன் வட்டமான குவிமாடத்தை அண்ணாந்து பார்க்க எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். குழந்தை அழுதால் வெளியே கொண்டுபோய் மரத்தடியில் நடக்கவிட்டு, அடங்கியபின் உள்ளே வாருங்கள். நம் ஆலயத்திலும் அடுத்த வாரம் முதல் கடைசி இரண்டு வரிசைகளைக் கைக்குழந்தை உள்ளவர்களுக்கென்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த இருக்கைகளில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து பழகிய பெரியவர்கள் தயவுசெய்து இரண்டு வரிசை முன்னே வாருங்கள்.