மனத்துக்கும் ஒரு துணை

"அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! காய்ச்சலென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடும் நம் ஊரார், ஒருத்தி உண்ணாமல் உறங்காமல் சுவரையே பார்த்திருந்தால் மட்டும் வேப்பிலையைத் தேடுவது ஏன்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோரின் மனக்காயம் ஆற, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கடலோரத் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தனர். அறையில் நாற்காலி போட்டுக் காத்திருந்தால் யார் வருவார்? குடிசை வாசலில் உட்கார்ந்து, படகு போன கதையைக் கேட்டு, நிவாரண மனுவும் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாய் திறப்பாள்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்குக் கிடைத்தது. மனநல மருத்துவரும் உளவியல் நிபுணரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து செய்யும் பணி அது. மாத்திரை எழுத ஐந்து நிமிடம் போதும். மனக்குறையைக் கேட்க ஒரு மணி வேண்டும். மாவட்டம் முழுவதையும் ஒரு சிலரே சுமந்தால் அந்த ஒரு மணிக்கு எங்கே போவது? (அவர்களும் மனிதர்தாமே!)

காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் தாய்மார், அன்றைய கூலியை விட்டுக் கடலூருக்குப் பஸ் ஏறுவார்களா? மாதம் ஒரு நாளாவது, குறித்த தேதியில், உளவியல் நிபுணர் இங்கு வரவேண்டும். அவரும் ஒருவராகவே இருக்கவேண்டும். மாதத்துக்கொரு புதுமுகத்திடம் யார் மனம் விட்டுப் பேசுவார்? பெற்றோர் இதைக் கிராம சபையில் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.