எண்ணெய் உள்ளேயே இருந்தால் செக்கு எதற்கு?

மணலைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் வராது. எள்ளை ஆட்டினால் வரும். ஆகவே எண்ணெய் எள்ளுக்குள் முன்பே இருந்திருக்க வேண்டும். இது சாங்கியர் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினரின் வாதம். சைவ சித்தாந்திகளும் ஏற்பதுதான். சற்காரியவாதம் என்று பெயர்.

சென்ற மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் எங்களில் ஒருவர் இதையே "காரண காரிய அபேதத்தின் உள்ளார்ந்த நிலைபேறு" என்று நாற்பது நிமிடம் வாசித்தார். எல்லோரும் தலையாட்டினோம். கேள்வி உண்டா என்றபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ எள்ளையும் மணலையும் எடுத்துச் சொன்னார். எண்ணெய் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து கேட்டார்: "எண்ணெய்தான் உள்ளேயே இருக்கே தம்பி, அப்புறம் செக்கு எதுக்கு?"

நியாயம் என்ற தர்க்க மரபினர் சாங்கியர்மேல் எழுப்பிய தடை இதுவேதான். ஒளிந்திருப்பதைச் செக்கு வெளிப்படுத்துகிறது, புதிதாகப் படைக்கவில்லை என்று சாங்கியர் விடையைச் சொன்னோம். அவர் விடவில்லை. "அந்த வெளிப்படுறது மட்டும் முன்னாடியே இருந்துச்சா, புதுசா வந்துச்சா?" அதுவும் பழைய தர்க்க நூல்களில் உள்ள அடுத்த தடைதான். அவர் அந்நூல்களைத் தொட்டதில்லை.

அன்று டீக்கடையில் நின்றபடியே இந்த இயக்கத்தைத் தொடங்கினோம். பெயர் வைக்கவில்லை. பெயர்ச் சண்டையிலேயே கலைந்த இயக்கங்கள் நாம் பார்க்காதவையா!

கடினமான தத்துவத்தை எளிய தமிழில் சொல்ல முடியும் என்று அறிவிக்கிறோம். சொன்ன பிறகும் அது கடினமாகவே இருக்கும். வாக்கியம் மட்டும் குறுக்கே நிற்காது. கேட்டவர் "புரிந்தது" என்றால் நம்பமாட்டோம். எதிர்க்கேள்வி போட்டால் நம்புவோம்.

இதில் புதுமை ஏதும் இல்லை. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான போதத்தை 12 சூத்திரங்களில் அடக்கியதோடு விடாமல், மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று ஏறுவதற்குப் படியும் கட்டினார். தெகார்த் 1637இல் அறிஞர்களின் லத்தீனை விட்டுப் பிரெஞ்சில் எழுதினார். 1781இல் எழுதிய பெருநூலைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள் என்று கண்ட காண்ட், 1783இல் சிறு நூல் ஒன்று எழுதினார். (அதுவும் பால்சோறு அல்ல.)

கலைச்சொற்களை ஒழிக்கமாட்டோம். ஒவ்வொரு முறையும் எள்ளிலிருந்து தொடங்க முடியுமா? பொருளை முதலில் காட்டுவோம், பெயரைப் பிறகு சொல்வோம். மேடைக் குட்டிக்கதை எங்களுக்கு ஆகாது. கதைக்குக் கைதட்டல் கிடைக்கும், தத்துவம் வாசலிலேயே நிற்கும். உவமை எங்கே நொண்டுகிறதோ அதையும் நாங்களே சொல்வோம்.

எள் உவமையும் நொண்டுகிறது. எள்ளை நசுக்கினால் எண்ணெய் விரலில் ஒட்டும். பாலை என்ன செய்து துழாவினாலும் தயிர் தட்டுப்படாது. உறைமோர் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். பாலுக்குள் தயிர் இருந்ததா? இருந்தது என்றால் எந்த வடிவில்? இல்லை என்றால், தண்ணீரில் மோர் விட்டால் ஏன் உறைவதில்லை?

முதல் கூட்டத்துக்கு இதைத்தான் எடுத்திருக்கிறோம். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேசப்போகிறவர் குறிப்பை இரண்டு முறை கிழித்துப்போட்டுவிட்டு மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறார்.