அகச்சிவப்பு ஒளி: பெல்ட்டுக்கா, புற்றுநோய் வார்டுக்கா?

முழங்கால் வலிக்கு பெல்ட், முகச் சுருக்கத்துக்கு முகமூடி, வழுக்கைக்குத் தொப்பி. அகச்சிவப்பு விளக்கு பதித்த சாமான்கள் இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் பித்தலாட்டம் என்று ஒதுக்கவும் முடியவில்லை, சிக்கலே அங்குதான்.

1967இல் புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், ரோமம் மழித்த எலிகள்மீது வலுக்குறைந்த சிவப்பு லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட வேகமாக முடி வளர்ந்தது. சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்புக்கும் இப்படியொரு குணம் இருப்பது பின்னர் தெரிந்தது. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பது பரவலான விளக்கம். மறுப்பவர்களும் உண்டு. ஒளியின் அளவு குறைந்தால் பலனில்லை; மிஞ்சினால் இருக்கிற பலனும் கெடும்.

பிசியோதெரபியில் வைக்கும் ஐ.ஆர். லைட் எனும் அகச்சிவப்பு விளக்கு பெரும்பாலும் வெறும் சூடுதான். தசை தளரும், வலி சற்றுக் குறையும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கோ கொப்பளித்த பிறகுதான் சுட்டதே தெரியும். அவர்களின் நரம்புப் பாதிப்புக்கு அகச்சிவப்புக் கருவி பயன்படுவதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் 2006இலேயே பணம் தர மறுத்துவிட்டது.

சான்று வலுவாக இருக்கும் இடத்துக்கு விளம்பரமே இல்லை. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கிய சில வாரங்களில் கன்னத்தின் உட்புறம் புண்ணாகி வெள்ளைப் படலம் கட்டும். முதலில் ரசஞ்சோறு எரியும், அடுத்து மோர்க்கஞ்சி, கடைசியில் சொந்த எச்சிலே இறங்காது. எடை சரியும், பலருக்கு மூக்கில் குழாய். சிலருக்குச் சிகிச்சையையே நடுவில் நிறுத்த வேண்டிவரும். இந்தப் புண் வராமல் தடுக்க வாய்க்குள் சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளி செலுத்தலாம் என்று புற்றுநோய் ஆதரவு சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. எந்த அலைநீளம், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்பதுவரை அதில் உண்டு. பெல்ட் விற்பவரிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது வேறு விஷயம்.

புகையிலையால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நாடு இது. அரசு மருத்துவமனைகளின் கதிர்வீச்சுப் பிரிவுகளில் இந்த ஒளி சிகிச்சை வழக்கமான நடைமுறையாக வேண்டும். அதற்குக் கருவியும் பயிற்சி பெற்ற ஒருவரும் நோயாளிக்குத் தினம் சில நிமிடங்களும் ஒதுக்க வேண்டும். அலைநீளமும் ஒளியளவும் அச்சிடாத கருவியை நோய் தீர்க்கும் என்று விற்பதற்குத் தடையும் வேண்டும்.