எருக்கம்பாலும் இயற்கைதான்!



"கஞ்சா வெறும் செடிதான ப்ரோ. இயற்கை. ஒண்ணும் பண்ணாது." ஹாஸ்டலுக்குப் புதுசா வர்ற பசங்ககிட்ட பொட்டலம் விக்கிறவன் சொல்ற முதல் வசனம் இதுதான். எருக்கம்பாலும் இயற்கைதான், கண்ணுல விட்டுக்குவோமா? ஆனா "தப்பு, தொடாதே" என்று மட்டும் சொன்னா இந்தக் காலத்துப் பசங்க கேட்க மாட்டாங்க. உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லணும்.

கஞ்சாவில் போதை தரும் பொருள் டிஎச்சி. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1988-ல் அமெரிக்காவில், மூளையில் அது போய் ஒட்டும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். பெயர் சிபி1. எங்கோ வளர்ற ஒரு செடிக்காக நம்ம மூளை பூட்டு செஞ்சு வைக்குமா? அப்போ உடம்புலேயே ஒரு சாவி இருக்கணுமே! 1992-ல் அதுவும் கிடைத்தது. 'ஆனந்த' என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்தே 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். இந்தச் சாவிகளும் பூட்டுகளும் சேர்ந்ததுதான் எண்டோகன்னாபினாய்டு அமைப்பு.

நம்ம அணியில் பாதிப் பேர் இன்ஜினியரிங். நெகட்டிவ் ஃபீட்பேக் படிச்சது ஞாபகம் இருக்கா? இதுவும் அதேதான். ஒரு நரம்பு செல்லுக்கு சிக்னல் அளவு மீறி வந்தா, அது அனுப்பின செல்லுக்கே திருப்பி "போதும், குறை" என்று தகவல் அனுப்பும். தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் மட்டும் உருவாகும் தகவல். வேலை முடிஞ்சதும் நொதிகள் அதை உடைச்சுடும்.

டிஎச்சி அப்படி இல்லை. ஒரு சந்திப்புல போட வேண்டிய சிவப்பு விளக்கை ஊர் முழுக்க மணிக்கணக்கா எரியவிட்ட மாதிரி. ஞாபகத்தைப் பதியும் ஹிப்போகாம்பஸ் தடுமாறும், படிச்சது நிக்காது. சிறுமூளை தடுமாறும், அந்த நிலையில பைக் எடுத்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் சிபி1 மிகக் குறைவு. அதனால ஹெராயின் மாதிரி மூச்சு நின்னு சாவது அரிது. இதை மறைச்சா, நாம சொல்ற மத்ததையும் பசங்க நம்ப மாட்டாங்க.

மத்தது என்ன? மூளையோட வயரிங் வேலை 20 வயசு தாண்டியும் நடக்குது. அதில் இந்த அமைப்புக்கும் பங்கு உண்டு. 15 வயசுப் பையன் அதுக்குள்ள புகையை விடுறான். வீரியமான கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்க்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு சொன்னது.

தினமும் இழுத்தா மூளை தன் ஏற்பிகளைக் குறைச்சுக்கும். திடீர்னு நிறுத்தினா தூக்கம் வராது, பசிக்காது, எதுக்கெடுத்தாலும் எரிச்சல். வீட்டுல அதைத் திமிர்னு நினைச்சு அடிக்கிறாங்க. ஆனா சுமார் 4 வாரம் விட்டிருந்தா ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புதுன்னு ஸ்கேன் ஆய்வுகள் காட்டுது. அந்த 4 வாரம் அந்தப் பையன் கூட யார் இருக்கா? எத்தனை கிலோ பிடிச்சோம்னு மேசை மேல அடுக்கிப் போட்டோ எடுத்தா போதுமா? பள்ளியில் ஆலோசகர், தாலுகா அரசு மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவு. இதைத்தான் நாம கேட்கணும்.

சட்டத்திலேயே வழி இருக்கு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பிரிவு 64ஏ: சிறிய அளவோடு சிக்கிய, அடிமையான ஒருவர் தானா முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

நம்ம ஆதரவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றுக் கட்சிக்காரனைத் திட்ட 'கஞ்சா குடிக்கி' என்று கமெண்ட் போடுறது, சிக்கின பையனை மரத்துல கட்டி அடிக்கிற வீடியோவை முகம் தெரியப் பரப்புறது, ரெண்டையும் நிறுத்துங்க. அதைப் பார்க்கிற இன்னொரு பையன் உதவி கேட்டு வாயைத் திறக்க மாட்டான். விக்கிறவனைப் பத்தித் தெரிஞ்சா போலீஸ்ல சொல்லுங்க. வீட்டுல யாருக்காவது உதவி வேணும்னா போதை மறுவாழ்வு இலவச எண் 14446.

- தகவல் தொழில்நுட்ப அணி