காதிலே பூட்டும் விலங்கு!

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிட்டு, காலணி தைத்து, நாளெல்லாம் உழைத்து ஈட்டிய கூலியை ஒரு மணி நேரப் பேச்சிலே பறித்துவிடலாம் என்று நம் பாட்டன்மாரிடம் கூறியிருந்தால், கூறியவனைப் பித்தன் என்றிருப்பர். இன்றோ அது நாள்தோறும் நடக்கும் தொழில்! கன்னக்கோல் இல்லை, கத்தி இல்லை, காரிருளும் தேவையில்லை. பட்டப்பகலில், குரல் ஒன்றே கருவியாகக் கொள்ளை நடக்கிறது. இணையவழி மோசடிகளில் இந்திய மக்கள் பறிகொடுத்தது 2023-இல் ஏறத்தாழ 7,465 கோடி ரூபாய்; 2024-இல் 22,845 கோடி ரூபாய். ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு இது. ஓராண்டிலே மும்மடங்கு! அவற்றுள் பல, ஒரு தொலைபேசி மணியோசையில் தொடங்கியவை.

அழையாமல் நம் காதுக்குள் நுழைவோர் இருவகையினர். ஒருவர் தொல்லை தருவோர், மற்றவர் கொள்ளையடிப்போர். கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா, மனை வேண்டுமா என்று சோற்றில் கை வைக்கும் வேளையில் அழைப்போர் முதல் வகையினர். அவர்களைத் தடுக்க வழி உண்டு. 1909 என்ற எண்ணில், விற்பனை அழைப்பு வேண்டாம் என்று பதிந்துகொள்ளலாம்; மீறி அழைத்தால் அதே எண்ணில் புகாரும் தரலாம். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் வரிசையும், வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் வரிசையும் ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே, எவருடையதோ சாதாரண எண்ணிலிருந்து, "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று குரல் வந்தால், அக்கணமே ஐயம் எழ வேண்டும்.

இரண்டாம் வகையினரை இனங்காண எண்ணைப் பார்த்தல் மட்டும் போதாது. பேச்சின் போக்கைப் பார்க்க வேண்டும். அச்சுறுத்துவான், அல்லது ஆசை காட்டுவான். இப்பொழுதே, இந்நொடியே என்று விரட்டுவான். வீட்டாரிடமும் சொல்லாதே என்பான். முடிவில் பணம் கேட்பான், அல்லது ஓ.டி.பி. கேட்பான். இந்த அடையாளங்கள் கூடினால், எதிர்முனையில் இருப்பவன் கள்வன் என்று துணிந்து அழைப்பைத் துண்டிக்கலாம்.

ஆளுக்கேற்ற தூண்டில் அவனிடம் உண்டு. காலணி ஆலையில் பணிபுரியும் தங்கைக்கு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு முடங்கிவிட்டது என்பான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, தோல் தொழிலை நம்பிய ஊர்களில் வேலை நிலைக்குமா என்ற கவலை படர்ந்தது. அத்தகைய கவலை படரும் இடமெல்லாம் அவனுக்கு விளைநிலம். வீட்டிலிருந்தே வேலை என்பான். ஈடு இல்லாக் கடன் என்பான். முன்பணம் கட்டு என்பான். வேற்றுமொழியில் பேசுவான், எளிதில் இனங்காணலாம் என்று எண்ணி ஏமாற வேண்டா. வாணியம்பாடித் தெருக்களில் தமிழோடு உருதும் ஒலிக்கிறது. அவனோ எம்மொழியிலும் இனிக்க இனிக்கப் பேசக் கற்றுவிட்டான்.

இவை அனைத்திலும் கொடியது "டிஜிட்டல் கைது" என்னும் நாடகம். காவல் உடையில் ஒருவன் திரையில் தோன்றுவான். உன் பெயரில் போதைப்பொருள் பொதி வந்திருக்கிறது, உன் ஆதார் குற்றச்செயலில் சிக்கியிருக்கிறது, கேமரா முன்னிருந்து எழாதே என்பான். ஹரியானாவின் அம்பாலாவில் முதிய தம்பதியர், உச்சநீதிமன்ற ஆணை என்று காட்டப்பட்ட போலித் தாளை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இதனைத் தானே வழக்காக எடுத்தது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று, நாடெங்கும் நிகழ்ந்த இத்தகைய குற்றங்களை விசாரிக்கச் சி.பி.ஐ.க்கு ஆணையிட்டது.

டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. விசாரணைக்கு வருமாறு காவல்துறை தரும் அறிவிப்பைக்கூட வாட்ஸப் வழியே அனுப்பலாகாது என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. பிறகு ஏன் கற்றவரும் நடுங்குகின்றனர்?

தோழர்களே! இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். போலி அதிகாரி அதட்டுகிறான், மக்கள் நம்புகின்றனர். உண்மை அதிகாரிகள் பலரும் அப்படித்தான் அதட்டுகின்றனர் என்பதாலன்றோ! வட்டாட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் ஏழை எளியவர் கைகட்டி நின்றே பழகிவிட்டனர். ஒருமையில் விளிக்கப்பட்டே பழகிவிட்டனர். எழுத்திலே தாருங்கள் என்று கேட்பது குற்றம் என்று நினைத்தே பழகிவிட்டனர். அந்தப் பழக்கம்தான் கள்வனின் முதலீடு. அரசு மக்களை மதித்துப் பேசும் நாட்டில், அதட்டும் குரல் கேட்டவுடனேயே போலி என்று விளங்கிவிடும். விழிப்பாயிரு என்று மக்களுக்கு அறிவுரை கூறும் ஆட்சியினர், தம் அலுவலகங்களின் நாவையும் திருத்த வேண்டும். நாள்பட்ட சேமிப்பு ஒரே மூச்சில் முன்பின் அறியாத கணக்குக்குப் பாயும்போது, ஒரு கணம் நிறுத்திக் கேட்கும் கடமை வங்கிகளுக்கும் உண்டு.

ஏன், எதற்கு, எந்த உரிமையில் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தது பகுத்தறிவு இயக்கம். பூசாரியிடம் கேட்கத் துணிந்தவர், காக்கி உடையின் படத்திடம் கேட்க அஞ்சலாமா?

ஏமாந்தவர் செய்ய வேண்டியது ஒன்று. தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைப்பது. பறிபோன பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுகிறது. வெளியே எடுக்கப்படுமுன் புகார் சேர்ந்தால், இடைவழியில் முடக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த நெறியும், வாடிக்கையாளர் புகார் தெரிவித்த பின்னர் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றது. ஆனால் நம் மக்கள் வெட்கத்தால் வாய் மூடுகின்றனர். கணவர் ஏசுவார், ஊர் நகைக்கும் என்று மறைக்கின்றனர். அந்த மௌனத்திலே ஓடும் ஒவ்வொரு மணியும் கள்வனுக்கு ஆதாயம். ஏமாந்தவரை எள்ளி நகையாடுவோர், அறியாமலே அவனுக்குத் துணைபோகின்றனர்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உன் வங்கிக் கணக்கைச் சில நாள் தா, தரகு தருகிறேன் என்பவனிடம் இணங்காதீர். திருட்டுப் பணம் உங்கள் கணக்கில் வந்து போனால், காவலர் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவையே. வெளிநாட்டில் கணினி வேலை என்ற அழைப்பையும் ஆராயாமல் ஏற்காதீர். அப்படிச் சென்று, மியான்மரில் மோசடித் தொழிலில் வலிந்து ஈடுபடுத்தப்பட்ட தமிழ் இளைஞர் பதின்மூவர் 2022 அக்டோபரில் மீண்டு வந்தனர். 2025 மார்ச்சில் 549 இந்தியர் விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டனர். நம்மை ஏய்க்கும் குரலுக்குரியவனே எங்கோ அடிமைப்பட்டிருக்கவும் கூடும்!

நம் கிளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. படிப்பகச் சுவரிலும் ஆலை வாயிலிலும் 1930, 1909 என்ற எண்களைத் தமிழிலும் உருதிலும் எழுதி வையுங்கள். தனித்திருக்கும் முதியோரைத் தேடிச் சென்று, மிரட்டும் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள் என்று கூறுங்கள். பணம் இழந்தவர் வந்தால், ஏன் ஏமாந்தாய் என்று கேளாதீர். புகார் பதியும்வரை உடன் நில்லுங்கள். வாக்குக் கேட்க ஏறி இறங்கிய படிகள்தாமே அவை! உழைத்தவன் கூலியைக் காக்கவும் ஏறுவோம்.